எல்லைக்குள் எழுந்த இசை

தோற்றுவாய்

குறள் வெண்பாவுக்கு ஏழு சீர்களே உண்டு. எட்டாவது சீருக்கு அங்கு இடமில்லை. தளை தட்டவும் கூடாது. இத்துணைக் கட்டுப்பாட்டையும் ஏற்றுக்கொண்டுதான் வள்ளுவர் 1330 குறட்பாக்களை ஆக்கினார். எல்லை என்பது கலைக்குப் பகையன்று என்பதைத் தமிழ் மாணவர்க்கு விளக்க இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

யாப்புக்குப் பொருந்தும் இவ்வுண்மை இசைக்கும் பொருந்துமா? மனிதக் குரலும் மரமும் தோலும் நரம்பும் அன்றி, மின்னணுச் சில்லின் வழியாகப் பிறக்கும் இசைக்கும் பொருந்துமா? இவ்வினாக்களுக்கு விடை காணும் பொருட்டு, ஜப்பானில் காணொலி விளையாட்டுகளுக்கு இசை அமைத்தோர் சென்ற வழியையும், அவ்வழிக்கு மிக அணுக்கமாகத் தமிழகத்தில் நடந்த ஏ.ஆர். ரஹ்மான் அவர்களின் கலைவாழ்வையும் இக்கட்டுரையில் ஒருங்கு வைத்துக் காண்போம்.

கருவியும் காலமும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோர்க்கு உரிய தகுதிகளை வகுத்துக் கூறுகின்றது. அத்தகைய பெருமை பெற்ற யாழ் பிற்காலத்தில் வழக்கொழிந்தது. அதன் இலக்கணத்தை மீட்டெடுக்க விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து 1947 இல் ‘யாழ்நூல்’ வெளியிட வேண்டியதாயிற்று. மேலைநாட்டிலிருந்து வந்த வயலினோ பாலுசுவாமி தீட்சிதர் காலந்தொட்டுத் தென்னக இசைமேடையில் நிலைபெற்றுவிட்டது. ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 இல் விலக்கி வைத்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அதற்குக் கதவைத் திறந்தது. கருவிகள் வரும், போகும். வந்த கருவியை வரவேற்பதா விலக்குவதா என்ற வழக்கும் புதியதன்று.

நம் வட்டாரத்துச் சாலைகளிலேயே இதற்கோர் அடையாளம் ஓடிக்கொண்டிருக்கின்றது. ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகாலில் யமஹா இருசக்கர வாகன ஆலை 2015 முதல் இயங்கி வருகின்றது. அவ்வாகனத்தின் முத்திரையை உற்று நோக்கினால் மூன்று இசைக்கவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருத்தல் புலனாகும். இசைக்கவை என்பது சுருதி சேர்ப்பதற்கு உரிய கருவி. வண்டியின்மேல் அதற்கு என்ன வேலை? 1887 இல் தொரகுசு யமஹா என்பவர் பள்ளி ஒன்றின் பழுதுற்ற ஆர்கன் கருவியைச் செப்பனிட்டதே அந்நிறுவனத்தின் தொடக்கம். வாகனப் பிரிவு 1955 இல்தான் தனி நிறுவனமாகப் பிரிந்தது. முத்திரையோ இசையின் முத்திரையாகவே நின்றுவிட்டது.

அந்நிறுவனம் 1983 இல் டிஎக்ஸ்-7 என்னும் மின்னணு விசைப்பலகையை வெளியிட்டது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜான் சவுனிங் கண்டறிந்த முறை அதன் உள்ளே இயங்கிற்று. ஓர் அலையைக் கொண்டு மற்றோர் அலையின் அதிர்வெண்ணை விரைந்து மாற்றினால் மணியோசை போன்றும் குழலோசை போன்றும் புதுப்புது ஒலிகள் பிறக்கும் என்பதே அம்முறை. உலகெங்கும் பரவிய அவ்விசைப்பலகை சென்னைத் திரையிசைக் கூடங்களுக்கும் வந்து சேர்ந்தது. அம்முறையில் இயங்கும் சில்லு ஒன்று 1988 இல் சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் விளையாட்டுக் கருவியிலும் இடம்பெற்றது. ஜப்பானியச் சிறுவனின் விளையாட்டுக்கும் தமிழ்த் திரைப்பாடலுக்கும் ஒரே பட்டறையிலிருந்து ஒலி வந்த காலம் அது.

நான்கு குரல்களின் நாடகம்

1983 இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஃபேமிலி கம்ப்யூட்டர் என்னும் விளையாட்டுக் கருவியின் ஒலிச்சில்லு, இரண்டு சதுர அலைக் குரல்களையும், ஒரு முக்கோண அலைக் குரலையும், தாளத்திற்கு உதவும் ஓர் இரைச்சல் குரலையும் தரவல்லது. பதிவு செய்த ஒலித் துணுக்குகளுக்கென ஐந்தாவது வழி ஒன்றும் இருந்தது. ஆயினும் நினைவகத்தின் குறுகிய இடம் அதன் பயனைப் பெரிதும் சுருக்கிற்று.

1961 இல் நகோயாவில் பிறந்து 1984 இல் அந்நிறுவனத்தில் சேர்ந்தவர் கோஜி கோண்டோ. 1985 இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டுக்கு அவரே இசை அமைத்தார். படமும் விதிகளும் இசையும் சேர்ந்து அவ்விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட் அளவே. இன்று நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்தில் அதைப் போன்று பல விளையாட்டுகளை அடக்கிவிடலாம்.

இசையின் அமைப்பிலும் ஓர் இடர் உண்டு. திரைப்பாடல் ஐந்து நிமிடங்களில் முடிந்துவிடும். விளையாட்டின் இசையோ ஆடுபவன் அவ்விடத்தில் நிற்கும் வரை மீண்டும் மீண்டும் ஒலிக்க வேண்டும்; நூறு முறை கேட்பினும் சலிப்புத் தட்டக் கூடாது. ஆட்டத்தின் போக்குக்கு ஏற்ப மாறவும் வேண்டும். மாரியோ விளையாட்டில் நேரம் குறையும்பொழுது அதே மெட்டு விரைவு நடைக்கு மாறிச் சிறுவனின் நெஞ்சைப் படபடக்கச் செய்யும். சொல்லின்றிச் செய்தி உணர்த்தும் உத்தி அது.

முறையாக இசை பயிலாது தாமே கற்றுத் தேர்ந்த நொபுவோ உயேமட்சு 1987 இல் ‘ஃபைனல் ஃபேன்டசி’க்கு இசை அமைத்துப் புகழ் பெற்றார். ‘டிராகன் குவெஸ்ட்’ விளையாட்டின் இசையைக் கொய்ச்சி சுகியாமா 1987 இல் அரங்கில் இசைக்குழுவைக் கொண்டு நிகழ்த்திக் காட்டினார். 2021 ஜூலை 23 அன்று டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகளின் அணிவகுப்பு அவ்விசையுடனேயே தொடங்கிற்று. 2023 இல் மாரியோ மெட்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பேழையில் இடம்பெற்றது.

ஆயினும் இவ்வரலாற்றில் நாம் மறக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. 1980களில் விளையாட்டு நிறுவனங்கள் பல, தம் இசையமைப்பாளரின் உண்மைப் பெயரை வெளியிடவில்லை. புனைபெயரை மட்டுமே திரையில் காட்டின. கோடிச் செவிகள் கேட்ட மெட்டுக்கு உரியவர் யார் என்பதை நெடுங்காலம் எவரும் அறியார்.

தந்தை விட்டுச் சென்ற கருவிகள்

இனி நம் தமிழகத்துக்கு வருவோம். ஏ.ஆர். ரஹ்மான் 1967 ஜனவரி 6 அன்று சென்னையில் பிறந்தார். இயற்பெயர் திலீப்குமார். தந்தை ஆர்.கே. சேகர் மலையாளத் திரையுலகில் இசையமைப்பாளராகவும் இசை நடத்துநராகவும் விளங்கியவர். மகனுக்கு ஒன்பது வயதாகும்பொழுது, 1976 இல், அவர் காலமானார். அவர் விட்டுச் சென்ற இசைக் கருவிகளை வாடகைக்குக் கொடுத்தே தாயார் குடும்பத்தை நடத்தினார். அக்கருவிகளை விற்றிருந்தால் சில மாதச் செலவுக்குப் பணம் கிடைத்திருக்கும். விற்காமல் காத்ததால் ஒரு கலைஞன் கிடைத்தான்.

பதினோராம் வயதிலேயே சிறுவன் விசைப்பலகை வாசிக்கச் சென்றான். எம்.கே. அர்ச்சுனன், எம்.எஸ். விசுவநாதன், இளையராஜா முதலியோரின் இசைக்குழுக்களில் வாசித்த அனுபவமே அவனுக்குப் பல்கலைக்கழகம் ஆயிற்று. பள்ளிப் படிப்பு இடையில் நின்றது. எனினும் தன்ராஜ் மாஸ்டரிடம் பயிற்சி பெற்றதையும், பின்னர் இலண்டன் டிரினிட்டி கல்லூரி வழியாக மேலையிசை கற்றதையும் மாணவர்கள் சேர்த்தே எண்ண வேண்டும். படிப்பை விட்டதால் அவர் உயர்ந்தார் எனக் கொள்வது பிழை. படிப்பு நின்ற பின்னும் கற்பதை விடவில்லை என்பதே உண்மை.

முப்பது நொடிக் கலை

திரைக்கு வருமுன் அவருடைய களம் விளம்பர இசை. பட்டறிவுள்ள தையற்காரர் சிறு துணியில் முழுச் சட்டை வெட்டுவது போல, முப்பது நொடிக்குள் ஒரு முழு உணர்ச்சியை அடக்க வேண்டிய துறை அது. முதல் இரண்டு நொடிகளில் செவியை இழுக்க வேண்டும். இறுதி நொடியில் பொருளின் பெயர் நெஞ்சில் தங்க வேண்டும். கோண்டோவின் நான்கு குரல்களைப் போன்றதே ரஹ்மானின் முப்பது நொடிகளும். அங்கும் இசையமைத்தவர் பெயரைக் கேட்பவர் அறியார்.

1980களின் இறுதியில் அவர் குடும்பத்துடன் இசுலாத்தைத் தழுவினார். அக்காலத்தில் அவர் இசையமைத்த ‘தீன் இசை மாலை’ என்னும் ஒலிநாடா நம் சமுதாயத்தினர் அறிய வேண்டிய ஒன்று. நாகூர் ஈ.எம். ஹனிபா அவர்களின் வெண்கலக் குரலால் தமிழ் முசுலிம் இல்லங்களில் நிலைத்துவிட்ட பக்திப் பாடல் மரபில், ‘ரோஜா’வுக்கு முன்னரே அவரும் ஒரு பங்கு ஆற்றியிருக்கின்றார். இசை குறித்துப் பெரியோரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நாம் அறிவோம். அவ்வழக்கினுள் இக்கட்டுரை புகவில்லை. உழைப்பு, அடக்கம், நன்றி ஆகியன எக்கருத்தினர்க்கும் உடன்பாடானவை. அவற்றையே இங்கு நோக்குகின்றோம்.

1989 இல் தம் வீட்டின் பின்புறத்தில் ‘பஞ்சதன்’ என்னும் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். அங்கு நிகழ்ந்த முறைமாற்றத்தை விளக்குதல் தகும். முன்பு ஐம்பது அறுபது கலைஞர் ஒரே கூடத்தில் அமர்ந்து ஒரே நேரத்தில் வாசிப்பர். ஒருவர் தவறினால் அனைவரும் மீண்டும் தொடங்க வேண்டும். புதிய முறையிலோ விசைப்பலகையும் கணிப்பொறியும் ‘மிடி’ என்னும் பொதுமொழியில் பேசிக்கொள்ளும். 1983 இல் வழக்குக்கு வந்த இம்முறை ஒலியை அனுப்புவதில்லை. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எப்பொழுது தொடக்கம், எப்பொழுது முடிவு என்னும் ஆணைகளை எண்களாக அனுப்புகின்றது. ஏட்டில் எழுதிய சுரக்குறிப்பைக் கருவியே படித்து வாசிப்பதற்கு ஒப்பானது இது. அதன்மேல் ஒவ்வொரு கலைஞரும் தனித்தனியே வந்து வாசித்ததை அடுக்கடுக்காகச் சேர்த்துக்கொள்ளலாம்.

1992 இல் மணிரத்னத்தின் ‘ரோஜா’ வெளிவந்தது. முதற் படத்திலேயே தேசிய விருது. 2005 இல் அமெரிக்காவின் ‘டைம்’ இதழ் உலகின் சிறந்த பத்துத் திரையிசைத் தொகுப்புகளுள் ஒன்றாக அதனை வைத்தெண்ணியது. 2009 இல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக இரண்டு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றபொழுது, அவ்வரங்கில் தமிழில் அவர் கூறிய “எல்லாப் புகழும் இறைவனுக்கே” என்னும் சொற்களை உலகமே கேட்டது.

ஆயினும் நம் பொருளுக்கு மிக அணுக்கமானது அவருடைய மிகச் சிறிய படைப்பு. 2002 இல் ஏர்டெல் நிறுவனத்துக்காக அவர் அமைத்த சில நொடி மெட்டு கோடிக்கணக்கான கைப்பேசிகளில் அழைப்பொலி ஆயிற்று. இந்நாட்டில் அத்துணை முறை மீண்டும் மீண்டும் ஒலித்த மெட்டு அரிது. மாரியோ மெட்டின் உடன்பிறப்பு என அதனைக் கூறலாம்.

கருவி கொண்டதும் கொடுத்ததும்

நாணயத்தின் மறுபக்கத்தையும் காண்பது ஆய்வாளர் கடன். கணிப்பொறி இசை பரவப் பரவ, கூட்டமாக அமர்ந்து வாசித்த வயலின் கலைஞர்க்கும் பிறர்க்கும் சென்னைக் கூடங்களில் வேலை குறைந்தது. அஃது உண்மையான இழப்பு. அதே வேளையில் ஒலிநாடா உறைகளில் வாத்தியக் கலைஞர் பெயர்களை ரஹ்மான் அச்சிடச் செய்தார். நவீன்குமாரின் குழலும் சிவமணியின் தாளமும் பெயரோடு அறியப்பட்டன. ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதரின் பெயரும் கேட்போர்க்கு அறிமுகமாயிற்று. 2008 இல் அவர் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியும், எளிய குடும்பச் சிறார்க்குப் பயிற்சி தரும் சன்ஷைன் இசைக்குழுவும், வாசிக்கும் கையை மீண்டும் வளர்க்கும் முயற்சிகளாம்.

அண்மையில் இச்சிக்கல் மேலும் கூர்மை பெற்றது. 2024 இல் வந்த ‘லால் சலாம்’ படத்தின் பாடல் ஒன்றில், 1998 இல் மறைந்த சாகுல் ஹமீது, 2022 இல் மறைந்த பம்பா பாக்யா ஆகிய இருவர் குரல்களும் செயற்கை நுண்ணறிவின் துணையால் ஒலித்தன. குடும்பத்தாரின் இசைவு பெற்று, உரிய ஊதியமும் வழங்கியே இதனைச் செய்ததாக ரஹ்மான் அறிவித்தார். இறந்தவர் இசைவு தர இயலுமா? குரல் என்பது மரபுரிமைச் சொத்தா? அறிஞர் ஆராய வேண்டிய வினாக்கள் இவை. இசைவு கேட்டலும் ஊதியம் தருதலும் குறைந்த அளவு நேர்மை என்பதில் மட்டும் ஐயமில்லை.

இதனை நம் வட்டாரத்தார் எளிதில் உணர்வர். திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006 இல் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கிற்று. அம்மெட்டை ஒலித்த கருவிகளை நம் ஊர்ப் பெண்மக்களின் கைகள் இணைத்தன. 2014 நவம்பரில் உற்பத்தி நின்றபொழுது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். விளையாட்டுத் திரையில் பெயர் மறைக்கப்பட்ட இசைஞனும், விளம்பரத்தில் பெயர் இல்லாத இளைஞனும், கைப்பேசியில் பெயர் இல்லாத அப்பெண்ணும் ஓரினத்தவரே. உழைத்த கையின் பெயரைச் சொல்லுதலும், ஆலை மூடினாலும் பயன்படும் கல்வியை அக்கைக்கு அளித்தலும் சமுதாயத்தின் கடன். கல்லூரிகளின் கடனும் ஆகும்.

நிறைவாக

2023 இல் கனடாவின் டொரொண்டோ நகரிலிருந்து ஒரு காணொலி விளையாட்டு வெளிவந்தது. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை அது. சிதைந்த சமையற் குறிப்பேட்டைக் கொண்டு இட்டலியும் பிறவும் ஆக்குவதே ஆட்டம். அடுப்படியில் ஒலிக்கும் பாடல்கள் வெவ்வேறு காலத் தமிழ்த் திரையிசையின் சாயலில் புதிதாய் அமைந்தவை. 2024 இல் அதற்குப் பிரித்தானியாவின் பாஃப்டா விருது கிடைத்தது. அவ்விளையாட்டின் பெயர் ‘வெண்பா’.

யாப்பிலக்கணம் பயிலும் மாணவன் அப்பெயரைக் கேட்டு மகிழ்ந்தால் மட்டும் போதாது. கணிப்பொறி கற்றவன் தமிழையும், தமிழ் கற்றவன் கணிப்பொறியையும் அணுகினால் அத்தகைய படைப்புகள் இங்கும் தோன்றும். கருவி அயல்நாட்டில் பிறந்ததாயினும் அதன் வழி ஒலிப்பது நம் மொழியாக இருக்கலாம். ஏழு சீரில் உலகை அடக்கிய மொழிக்கு நான்கு குரல்களும் முப்பது நொடிகளும் குறுகிய இடமல்ல.