கடலடிச் சேற்றின் உயிர்கள்

நிலத்தில் வாழும் மாந்தர்க்குக் கடல் என்றவுடன் அலையும் மீனும் மரக்கலமுமே நினைவிற்கு வரும். கடலின் அடித்தரை எத்தகையது என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. கதிரவன் ஒளி எட்டாத அவ்விடத்தில், மேலிருந்து ஓயாது உதிரும் நுண்டுகள்களும் இறந்துபட்ட சிற்றுயிர்களின் எச்சங்களும் சேறாய்ப் படிகின்றன. கரைக்கு நெடுந்தொலைவிலுள்ள ஆழ்கடலில் இப்படிவு ஆயிரம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டர் அளவே உயரும். இருளும் குளிரும் பேரழுத்தமும் சூழ்ந்த அச்சேற்றில் உயிர் ஏது என்று முன்னாளில் பலர் கருதினர். அக்கருத்துப் பிழையாயிற்று. 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கணக்கின்படி, உலகக் கடல்களின் அடிப்படிவில் வாழும் நுண்ணுயிர்களின் தொகையை எழுத வேண்டுமாயின், 29 என்று எழுதி அதன் வலப்புறத்தே 28 சுழிகளை இடுதல் வேண்டும்.

இத்துணை உயிர்களும் யாவை? எவற்றை உண்கின்றன? எவ்வினத்தைச் சேர்ந்தவை? இவ்வினாக்களுக்கு விடை காண்பது எளிதாயிருக்கவில்லை.

நுண்ணுயிர்களை ஆராய்வதற்கு ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் என்பார் 1881ஆம் ஆண்டில் ஒரு வழி காட்டினார். ஊட்டம் கலந்த கூழைக் கண்ணாடித் தட்டில் இறுகச் செய்து, அதன்மேல் நுண்ணுயிர்களைப் பரப்பினால், ஒவ்வோர் உயிரும் தான் இருந்த இடத்திலேயே பெருகி, வெறுங்கண்ணுக்குப் புலனாகும் திரளாக மாறும். அத்திரளில் உள்ளவை யாவும் ஓர் உயிரின் வழித்தோன்றல்களே ஆதலின், அவ்வினத்தைத் தனியே பிரித்து ஆராயலாம். கொடிய நோய்கள் பலவற்றின் கிருமிகள் இத்தகைய வளர்ப்பு முறைகளாலேயே பிடிபட்டன. ஆயினும் கடல்நீரையோ சேற்றையோ தட்டில் பரப்பியபோது வியப்பான ஒன்று தெரிந்தது. நுண்ணோக்கியில் நூறு உயிர்கள் காணப்பட்டால், தட்டில் வளர்வது ஒன்றுகூட இல்லை! எஞ்சியவை செத்தவை அல்ல, வளர மறுத்தவை.

அதற்குக் காரணம் பல. கடலடி உயிர்களுட் பலவற்றிற்கு நாம் மூச்சு வாங்கும் பிராணவாயுவே நஞ்சாகும். பசியிலேயே வாழப் பழகியவற்றிற்கு ஆய்வுக்கூடத்துக் கொழுத்த உணவு ஒவ்வாது. வேறு சில, அயலுயிரின் துணையின்றி ஒரு கணமும் தரியா. நெய்தல் நிலத்துச் செடியைப் பிடுங்கிக் குறிஞ்சியில் நட்டு, அது தழைக்கவில்லையே என்று வருந்துவதனால் பயன் யாது?

உயிரை வளர்க்க இயலாவிடினும் அதன் எழுத்தைப் படிக்கலாம் என்னும் எண்ணம் பின்னர்த் தோன்றியது. ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உண்டு. அவ்வுயிரின் உடலமைப்பும் தொழிலும் அவ்விழையிலே நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டுள்ளன. தமிழுக்கு 247 எழுத்துகள் வேண்டியிருக்க, இயற்கை நான்கெழுத்துகளைக் கொண்டே கடுகினும் சிறிய உயிர்முதல் களிறுவரை எழுதி முடித்துவிட்டது. 1977ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கார்ல் வோஸ் என்பாரும் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பாரும், எல்லா உயிர்க்கும் பொதுவான ஒரு கூற்றின் எழுத்துகளை ஒப்பிட்டு, பாக்டீரியாவைப் போலத் தோன்றினும் அதனின் வேறான ஓர் உயிர்ப்பெருங்குலம் உண்டு என நிறுவினர். அதுவே ஆர்க்கியா எனப்படுகின்றது. இதன்பின், சேற்றிலுள்ள எல்லா உயிர்களின் டி.என்.ஏ.வையும் ஒருங்கே பிரித்தெடுத்துப் படிக்கும் முறை வளர்ந்தது.

அம்முறையின் அருமையை ஓர் உவமையால் உணரலாம். ஓர் இல்லத்துப் பரணில் நூறு நூல்களின் ஏட்டுச் சுவடிகள் இருந்தன எனக் கொள்வோம். ஒவ்வொரு நூலுக்கும் பல படிகள் உண்டு. ஆனால் எல்லாம் கயிறறுந்து, செல்லரித்து, சிறுசிறு நறுக்குகளாய் ஒரே குவியலாகக் கலந்து கிடக்கின்றன. அறிவுடைய ஒருவர் என் செய்வார்? ஒரு நறுக்கின் இறுதிச் சொற்களும் மற்றொன்றின் முதற் சொற்களும் ஒன்றாயிருப்பின் அவற்றை இணைப்பார். நடையொத்த துண்டுகளை ஒருபுறம் சேர்ப்பார். ஒரு துண்டிற்கு எத்தனை படிகள் உள்ளன என்று எண்ணி, ஒத்த எண்ணிக்கை உடையவை ஒரே நூலைச் சேர்ந்தவை எனத் துணிவார். மரபணு அறிஞர் செய்வதும் இதுவே. துண்டுகள் கோடிக்கணக்கில் இருத்தலின் கணிப்பொறி துணைபுரிகின்றது. எனினும், ஒரு நூலின் ஏடு மற்றொன்றிற் புகுந்துவிடும் இடர், பழஞ்சுவடி பதிப்பித்தார்க்கு இருந்தாற்போலவே இவர்களுக்கும் உண்டு.

கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் இடையிலுள்ள கடலில், வெந்நீர் கக்கும் கற்கோபுரங்கள் சிலவற்றை 2008ஆம் ஆண்டில் அறிஞர் கண்டனர். கோட்டை போன்ற தோற்றம் உடைமையின், அதற்கு வடபுலத்துப் பழங்கதைத் தெய்வமாகிய லோக்கியின் பெயரை இட்டு, லோக்கியின் கோட்டை என வழங்கினர். அதனின்று 15 கிலோமீட்டர் தொலைவில், 3,283 மீட்டர் ஆழத்தில் எடுத்த சேற்றை, சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தைஸ் எட்டமா என்பாரும் அவர் துணைவரும் மேற்கூறிய முறையால் ஆராய்ந்தனர். 2015ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட செய்தி உயிரியல் உலகைத் திகைக்கச் செய்தது. துண்டுகளை இணைத்துப் பெற்ற ஓர் ஆர்க்கியாவின் சுவடியில், புரதங்களுக்குரிய 5,381 மரபணுக்கள் இருந்தன. அவற்றுள் 175 மரபணுக்களின் புரதங்கள் பிற ஆர்க்கியாவையோ பாக்டீரியாவையோ ஒவ்வாமல், மரத்தையும் விலங்கையும் மனிதனையும் உள்ளடக்கிய கருவுடை உயிர்களின் புரதங்களையே மிகுதியும் ஒத்திருந்தன! நம் தசையை இயக்கும் ஆக்டின் என்னும் புரதத்திற்கு உறவான ஒன்றும் அவற்றுள் அடங்கும். அவ்வுயிர்க்கு லோக்கியார்க்கியம் என்று பெயரிட்டனர். மனித குலத்தின் மிகப் பழைய மூதாதையர் இக்கூட்டத்தின் சுற்றமாய் இருந்திருத்தல் வேண்டும் என்பது அவர்தம் முடிபு.

அம்முடிபை எல்லாரும் ஏற்றாரல்லர். அவ்வுயிரை ஒருவரும் கண்டதில்லை, கண்டவை எழுத்துகளே. வேற்றுயிரின் ஏடு கலந்ததனால் விளைந்த மயக்கமாய் இருக்கலாகாதோ என்று 2017ஆம் ஆண்டில் அறிஞர் சிலர் ஐயம் எழுப்பினர். இவ்வையம் புறக்கணிக்கத் தக்கதன்று. உயிரையே வளர்த்துக் காட்டினாலன்றி வழக்குத் தீராது என்னும் நிலை வந்தது.

வழக்கைத் தீர்க்கும் சான்று ஜப்பானில் முன்னரே முளைத்துக்கொண்டிருந்தது. அந்நாட்டு ஹிரோயுகி இமாச்சி என்பாரும் அவர் குழுவினரும் 2006ஆம் ஆண்டில், கீயி தீபகற்பத்தை அடுத்த கடலில் 2,533 மீட்டர் ஆழத்திலிருந்து சேறு எடுத்து வந்தனர். கழிவுநீரைத் தூய்மை செய்வதற்கென அமைந்த பஞ்சுக் கலமொன்றில் அதனை இட்டு, பிராணவாயு புகாமற் காத்து, மீத்தேன் வாயுவைச் செலுத்தி, 10 பாகைக் குளிரில் 2,000 நாள்களுக்கு மேல் பேணினர். பின்னர் அச்சேற்றிற் சிறிது எடுத்து, கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு உணவுகளோடு அடைத்தனர். ஏறத்தாழ ஓராண்டு கழித்து ஒரு குழாயில் மட்டும் மெல்லிய கலங்கல் தோன்றிற்று. அக்கலங்கலுள் லோக்கியார்க்கியத்தின் இனத்தது ஒன்று இருந்தது. அதனினும் தூயதாக அதனைப் பெறப் பின்னும் பல ஆண்டுகள் சென்றன. நம் குடலில் வாழும் பாக்டீரியா ஏற்ற சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகும். இவ்வுயிர் இரண்டாவதற்கு 14 முதல் 25 நாள்கள் ஆகும். 12 ஆண்டுக்கால உழைப்பின் பயன் 2020ஆம் ஆண்டு சனவரியில் நூன்முறையில் வெளிவந்தது. களிமண்ணால் மனிதரைப் படைத்ததாகக் கிரேக்கர் கதை கூறும் புரோமிதியஸ் என்பானின் பெயரை அவ்வுயிர்க்குச் சூட்டினர்.

அதன் வடிவம் எதிர்பாராதது. மிகச் சிறிய உருண்டை உடல். அதனின்று கிளைத்து நீளும் கைகள். அது அமினோ அமிலங்களை உண்டு ஹைட்ரஜனை வெளிவிடும். அதனை உடனுறையும் மற்றோர் ஆர்க்கியா உட்கொண்டு மீத்தேனாக்கும். ஹைட்ரஜன் தேங்கினால் முன்னதன் வாழ்வு நின்றுவிடுமாதலின், தனித்து வளராமையின் காரணமும் விளங்கிற்று. எல்லாவற்றினும் முதன்மையானது, கலப்பற்ற அதன் மரபணுச் சுவடியிலும் கருவுடை உயிர்களுக்குரிய மரபணுக்கள் இருந்தமையே. சேற்றில் ஏடு கலந்ததால் அவை வந்தன என்று இனிச் சொல்லுதற்கு இடமில்லை.

2022ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரியாவின் வியன்னா பல்கலைக்கழகத்தார் இரண்டாவதாக ஒன்றை வளர்த்தனர். இது ஆழ்கடலினின்று வந்ததன்று. சுலோவீனியா நாட்டுப் பிரான் நகரை அடுத்த கடற்கரைக் கால்வாய்ச் சேற்றிற் கிடைத்தது. முன்னதினும் சற்று விரைந்து வளர்ந்தமையின், அதனை உறையச் செய்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் உட்புறம் காண முடிந்தது. ஏழாண்டுகட்கு முன் எழுத்தாக மட்டுமே அறியப்பட்டிருந்த ஆக்டின் வகைப் புரதம், அவ்வுயிரின் உடலினூடும் நீண்ட கைகளினூடும் மெல்லிய இழைகளாய் ஓடிக்கிடந்தது.