யூரியாவும் உயிர்விசையும்

உயிரை எந்த ஆய்வுக்கூடமும் உண்டாக்கவில்லை, ஆகவே கடவுள் உண்டு என்னும் வாதம் நம் அருளுரைகளில் அடிக்கடி ஒலிக்கின்றது. இதன்மேல் விசுவாசத்தைக் கட்டுவது தகுமா?

மனித உடலின் எடையில் ஏறத்தாழ 65 விழுக்காடு ஆக்சிஜன். கார்பன் 18, ஹைட்ரஜன் 10, நைட்ரஜன் 3. காற்றிலும் நீரிலும் கல்லிலும் உள்ளவை இவையே. உயிர்களுக்கென்று தனித் தனிமம் எதுவும் இல்லை. எனினும், உயிரினங்களின் சேர்மங்கள் தோன்ற ஓர் 'உயிர்விசை' வேண்டும் என்று முற்கால வேதியியலார் பலர் கருதினர். 1828இல் ஜெர்மானியராகிய வோலர், அம்மோனியம் சயனேட் என்னும் உப்பைப் பெற முயன்றார். சிறுநீரில் உள்ள யூரியா கிடைத்தது. இரண்டிலும் அணுக்கள் ஒன்றே: கார்பன் 1, ஆக்சிஜன் 1, நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 4. அவை பிணைந்துள்ள முறையே வேறு. 'தவம்' என்பதன் எழுத்துகள் இடம் மாறின் 'வதம்' ஆவதை ஒப்பிடலாம்.

அக்கொள்கை ஒரே நாளில் வீழ்ந்துவிடவில்லை. 1845இல் கோல்பே, காடிக்குப் புளிப்பூட்டும் அசெட்டிக் அமிலத்தைக் கனிமப் பொருள்களிலிருந்து ஆக்கிய பின்னர் அது மேலும் தளர்ந்தது. அறிவின் இடைவெளியில் கடவுளை வைத்தால், இடைவெளி சுருங்குந்தோறும் அவரும் ஒதுக்கப்படுவார் என்று போன்ஹோஃபர் 1944இல் சிறையிலிருந்து எழுதியது இங்கு நினைக்கத்தக்கது.

திருமறை அத்தகைய விசை எதனையும் கற்பிக்கின்றதா? ஆதியாகமம் 2:7இல் மனிதனைக் குறிக்கும் 'நெஃபெஷ் ஹய்யா' என்னும் எபிரேயத் தொடர், 1:20இல் நீர்வாழ் உயிர்களுக்கும் 1:24இல் நிலத்து விலங்குகளுக்கும் வழங்குகின்றது. தமிழில் 'ஜீவாத்துமா' என்றும் 'ஜீவஜந்து' என்றும் வெவ்வேறாகப் பெயர்த்தமையால் இவ்வொற்றுமை நம் கண்ணுக்கு மறைந்துள்ளது.