வாடகை வீட்டு வாசலில் ஒரு கலப்புப் பூவரிசை

உத்தியோகத்தின் நிமித்தம் திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் மதுரையிலிருந்தும் கழக்கூட்டத்திற்கு வந்து சேர்ந்த நம்மவர் இல்லங்களுக்குச் சென்றால், வாசலில் ஒரு துளசியும் கொல்லையில் ஒரு கறிவேப்பிலையும் இருக்கக் காணலாம். அதற்குமேல் செடி என்று எதுவும் பெரும்பாலும் இராது. பூ வேண்டுமானால் கடையில் முழக்கணக்கில் வாங்கிக்கொள்வது வழக்கம். இடமில்லையோ என்று பார்த்தால், மதிற்சுவரை ஒட்டி இருபது அடி நிலம் புல் மண்டிக் கிடக்கும். "வாடகை வீட்டில் செடி வைப்பானேன், அண்ணாச்சி? நாம் நட்டால் அடுத்து வருகிறவனுக்கு அல்லவா பூக்கும்?" என்று கேட்கும் அன்பர்கள் நம் சங்கத்தில் பலர்.

கேள்வி நியாயமானதே. ஆனால் அதிலுள்ள கணக்கு சரியானதன்று. செண்டுமல்லி விதைத்த இரண்டு மாதத்தில் பூக்கிறது. காசித்தும்பைக்கும் ஏறத்தாழ அவ்வளவு காலமே போதும். பதினொரு மாத வாடகைச் சீட்டுக்குள் இவற்றை மூன்று தடவை விதைத்துப் பூப்பறித்துவிடலாம். செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ ஆகியவற்றையோ மாற்றல் உத்தரவு வருமுன்பே ஒரு சாண் குச்சிகளாக வெட்டிச் சிறு பைகளில் வேர்பிடிக்க வைத்துக்கொள்ளலாம். கல்வாழைக் கிழங்கை ஈரச் சாக்கில் சுற்றினால் எவ்வளவு தூரமும் செல்லும். மாற்றலாகிப் போகிறவர்களின் மூட்டை முடிச்சுகளை நாள்தோறும் காண்கிற ரயில்வேக் குமாஸ்தா என்ற முறையில் சொல்கிறோம்: இரும்பு அலமாரியைக் கொண்டுபோவதைவிட ஒரு பூந்தோட்டத்தைக் கொண்டுபோவது எளிது. வீட்டுக்காரரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மட்டும் அவசியம். சுவரருகே பெருமரம் எதுவும் வைக்கமாட்டோம் என்று சொன்னால் மறுப்பவர் அரிது.

கலப்புப் பூவரிசை என்பது யாது? ரயில் நிலையங்களில் சுண்ணாம்பு பூசிய கற்களை வரிசையாக நட்டு, அவற்றுக்குப் பின்னே கல்வாழையை மட்டும் நிறுத்தியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அது அணிவகுப்பு, அழகுதான், ஆயினும் பூ ஓய்ந்தால் ஒரே சமயத்தில் அனைத்தும் ஓய்ந்துவிடும். கலப்பு வரிசை அப்படிப்பட்டதன்று. நெடுநாள் நிற்கும் புதர்ச்செடி, கிழங்கினின்று முளைப்பது, ஒரு பருவத்தில் பூத்து முடிவது ஆகிய எல்லாவற்றையும் ஒரே நீளப் பாத்தியில் சேர்த்து, ஒன்று ஓயும்போது மற்றொன்று பூக்குமாறு அமைப்பது. இக்கலையை இங்கிலாந்தில் பெரும் புகழுக்குக் கொண்டுவந்தவர் ஜெர்ட்ரூட் ஜீக்கில் அம்மையார் (1843–1932). ஓவியம் பயின்றவர், கண்பார்வை குன்றியதால் தூரிகையை விட்டுத் தோட்டத்தைக் கையில் எடுத்தவர். சர்ரே மாவட்டத்து மன்ஸ்டெட் உட் என்னும் தம் இல்லத்தில் ஏறத்தாழ 200 அடி நீளமும் 14 அடி அகலமும் உள்ள பூவரிசை ஒன்றை அமைத்தார். இரு முனைகளிலும் நீலம், வெள்ளை, வெளிர்மஞ்சள். நடுவே நெருப்பு வண்ணங்களான செம்மஞ்சளும் சிவப்பும். இம்முறையை 1908-ல் ஒரு நூலாகவும் எழுதினார்.

அவரிடம் நாம் கற்கவேண்டியது இரண்டே. ஒன்று, எந்தச் செடியையும் ஒற்றையாக நடாமல் மூன்றோ ஐந்தோ சேர்த்துக் கூட்டமாக நடுதல். மற்றொன்று, வரிசை முழுவதையும் ஒரு காலத்துக்கென்று திட்டமிடுதல். அவருடைய பெருவரிசை ஜூலை முதல் அக்டோபர் வரையிலான பூக்களுக்காகவே அமைந்தது. மற்ற விஷயங்களில் இங்கிலாந்துப் புத்தகங்களைப் பின்பற்றினால் கழக்கூட்டத்தில் செடி பிழைக்காது. அங்கே செடி உறங்குவது பனிக்காலத்தில். இங்கே பனிக்காலமே இல்லை. செடியை வருத்துபவை இடவப்பாதி மழையின் வெள்ளமும் மாசி பங்குனி வெயிலின் வறட்சியுமே.

வெயிலின் திசையும் அவ்வாறே மாறுபடுகிறது. தெற்கு நோக்கிய பாத்தியே சிறந்தது என்று அந்நூல்கள் கூறும். நாம் இருப்பதோ வட அட்சம் எட்டரைப் பாகையில். சித்திரை பிறப்பதையொட்டிக் கதிரவன் நம் உச்சிக்கு வந்து, பின் வடக்கே சென்று, ஆகஸ்டு இறுதியில் மீண்டும் உச்சியைக் கடந்து தெற்கே திரும்புகிறான். எனவே சித்திரை முதல் ஆவணிப் பாதி வரை நண்பகல் வெயில் வீட்டின் வடபுறத்தில் விழும். எஞ்சிய காலத்தில் தென்புறத்தில் விழும். தை மாதத்தில் நல்ல நிழலாக இருந்த வடசுவர் ஓரம் ஆனியில் வெயிலாகிவிடுவது இதனாலேயே. ஆகையால் நடுவதற்கு முன் ஒரு விடுமுறை நாளில் காலை ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், மாலை மூன்று மணிக்கும் நிழலின் விளிம்பைச் சுண்ணாம்புப் பொடியால் தரையில் குறித்துக்கொள்ளுங்கள். கிழக்கு அல்லது மேற்கு நோக்கிய சுவரோரம் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். ஆண்டு முழுவதும் அரைநாள் வெயில் அவர்களுக்கு நிச்சயம்.

இனி மண். கழக்கூட்டத்தின் மேட்டுப் பகுதியில் செம்மண்ணும் வெட்டுக்கல்லும். மேனம்குளம் கடந்து கடலை நோக்கிச் செல்லச்செல்ல வெண்மணல். இரண்டும் பசித்த மண்ணே. மதுரையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு மழை இங்கே பெய்து சத்துக்களைக் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. செம்மண்ணில் புளிப்பு மிகுதி; அதிலுள்ள இரும்பும் அலுமினியமும், செடிக்கு நாம் இடும் மணிச்சத்தைப் பற்றிக்கொண்டு விடமாட்டா. ஆகவே ஒரு சதுர கஜத்திற்கு ஒரு கைப்பிடி நீற்றுச் சுண்ணாம்பைத் தூவிக் கொத்திவிட்டு, இரண்டு வாரம் கழித்து மக்கிய சாணமும் எலும்புத்தூளும் சேர்க்கவேண்டும். எலும்புத்தூள் புளிப்பு மண்ணில்தான் நன்றாகக் கரையும். இட்லிப்பூ மட்டும் புளிப்பை விரும்புவது. அதன் அருகே சுண்ணாம்பு கூடாது. புதிதாகச் சிமெண்டு பூசிய மதிலடியில் நட்ட இட்லிப்பூ இலை மஞ்சளித்து நிற்பதற்கும் அதுவே காரணம். மணற்பாங்கான இடத்தில் இருப்பவர்கள் தேங்காய்த் தொண்டை ஒரு முழ ஆழத்தில் புதைத்து அதன்மேல் மண்ணிட்டால் கோடையில் பாதித் தண்ணீர் மிச்சம். உதிர்ந்த இலைகளைக் குவித்துக் கொளுத்துகிறார்களே, அதைப்போல் மனத்துக்கு வேதனை தருவது வேறில்லை. அவ்வளவும் செடியடிக்குப் போர்வையாகவேண்டியவை.

பாத்தியின் அகலம் நான்கு அடி இருந்தால் போதும். சுவருக்கும் பின்வரிசைக்கும் இடையே ஒரு ஆள் நுழையுமளவு இடைவெளி விடுங்கள். களை எடுக்கவும், சுவருக்கு வெள்ளையடிக்கவும் வீட்டுக்காரர் அதற்காக நன்றி சொல்வார். தரைமட்டத்தினின்று அரையடி உயர்த்திக் கட்டாத பாத்தி இடவப்பாதியில் வாய்க்காலாகிவிடும். கயிறு பிடித்துக் கோடு போட்டபின் தாளில் படம் வரைந்து, எந்தக் கூட்டம் எங்கே என்று குறித்துக்கொண்டே நடவேண்டும்.

பின்வரிசைக்கு அடுக்குச் செம்பருத்தி ஒன்று, நந்தியாவட்டை ஒன்று, இட்லிப்பூ இரண்டு. நடுவரிசையில் கல்வாழை ஐந்து, செண்டுமல்லி ஒரு கூட்டம், கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் ஒரு கூட்டம், நிழல் விழும் மூலையில் கனகாம்பரம். முன்வரிசையில் வெயிற்காலத்துக்குப் பத்துமணிப்பூவும் நித்தியகல்யாணியும்; மழைக்காலத்தில் இவ்விரண்டும் தண்டு அழுகுமாதலால், இடையிடையே மழைலில்லிக் கிழங்குகளை ஊன்றி வைத்தால் முதல் மழைக்கு அவை எழுந்து பூக்கும். காசித்தும்பை மழையை விரும்பும் செடி. முன்வரிசைக்கும் நடுவரிசைக்கும் இடையே அதற்கு இடம் கொடுங்கள்.

ஒரு விஷயத்தை நம்மவர் எவரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. வேலைக்குச் செல்வோர் வீட்டில் இருப்பது மாலையில்தான். பத்துமணிப்பூ காலையில் விரிந்து பிற்பகலில் மூடிக்கொள்கிறது; ஞாயிற்றுக்கிழமை தவிர அதை அவர்கள் காணவே போவதில்லை. மாறாக, அந்திமந்தாரை மாலை நான்கு மணியளவில் விரிகிறது. இங்குள்ளோர் அதை நாலுமணிப்பூ என்றே அழைக்கின்றனர். அதனையும் முல்லையையும் நந்தியாவட்டையையும் வாயிற்படிக்கு அருகே வைத்தால், டெக்னோபார்க்கிலிருந்து ஏழு மணிக்குத் திரும்புகிறவருக்கும் வெண்மையும் மணமும் கிட்டும். இருட்டில் சிவப்பு தெரியாது, வெள்ளைதான் தெரியும். நண்பகலில் வீட்டிலிருக்கும் பெரியோர்களுக்காகச் சிவப்பும் செம்மஞ்சளும் நடுவில் இருக்கட்டும். இந்நாட்டு உச்சி வெயிலில் வெளிறாமல் நிற்கும் வண்ணங்கள் அவையே.

நாற்றுக் கடையில் பெயர்க் குழப்பம் நேராமலும் பார்த்துக்கொள்ளவேண்டும். நம் இட்லிப்பூ இங்கே தெற்றி. நம் குண்டுமல்லி இங்கே குற்றிமுல்லை. வெறுமனே முல்லை என்று கேட்டால் எது வரும் என்று சொல்ல இயலாது. ஜமந்தி என்றால் சாமந்தியும் தருவார்கள், நெல்லைச் சீமையார் கேந்தி என்கிற செண்டுமல்லியும் தருவார்கள். பிச்சி மட்டும் நாகர்கோவிலில் போலவே இங்கும் பிச்சிதான். நித்தியகல்யாணிக்குச் சவம்நாறி என்றும் இங்கு ஒரு பெயருண்டு. அது கேட்டு முகம் சுளிப்போரும் உளர். மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த அச்செடியிலிருந்து எடுத்த மருந்தே குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்டு வருகிறது என்று அவர்களுக்குச் சொல்லலாம்.

இத்தனைக்கும் இடம் கொடுத்த நாம் ஒரு செடிக்கு மட்டும் இடம் மறுக்கிறோம். அது அரளி. நீர் ஊற்றாமலே வளர்ந்து ஆண்டு முழுவதும் பூப்பதால் நம்மவர்க்கு அதன்மேல் மோகம் அதிகம். அதன் இலை, பூ, தண்டு, வேர் அனைத்தும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. மஞ்சள் பூக்கும் பொன்னரளியும் அவ்வாறே. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு தன் ஆலயங்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை விலக்கிவிடத் தீர்மானித்தது. கோயில் விலக்கியதைத் தவழும் குழந்தை உள்ள வீட்டில் வளர்ப்பானேன்? செங்காந்தளும் அப்படியே: தமிழ்நாட்டின் மாநில மலர் என்ற பெருமை இருக்கட்டும்; அதன் கிழங்கு கொடிய விஷம். குழந்தைகள் கையெட்டும் இடத்துக்குச் செம்பருத்தியே உகந்தது.

மழைக்காலத்தில் ஆப்பிரிக்கப் பெருநத்தை ஒரே இரவில் ஒரு கூட்டம் நாற்றைத் தின்றுவிடும். அந்தியில் கையுறையுடன் பொறுக்கி உப்பு நீரில் இடுவதே வழி. வெறுங்கையால் தொடலாகாது, மனிதருக்கு நோய் தரும் புழு அதன் உடலில் இருக்கக்கூடும். தொட்டிகளின் அடித்தட்டிலும் கிடக்கும் சிரட்டைகளிலும் நீர் தேங்கினால் டெங்குக் கொசு வளரும். வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள்.

நடுவதற்குக் காலம் எது? புதர்களுக்கும் கிழங்குகளுக்கும் இடவப்பாதி தொடங்குவதற்குச் சற்று முன், வைகாசியின் முற்பகுதி. செண்டுமல்லிக்கோ ஓணத்தை வைத்துப் பின்னோக்கி எண்ணவேண்டும். அத்தம் நாளில் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாளும் இங்கே வாசல்தோறும் பூக்களம் இடுகின்றனர். அந்நாட்களில் தோவாளைச் சந்தையிலிருந்து மலையாள நாட்டுக்குப் பூ வண்டி வண்டியாக வருகிறது; விலையும் ஏறுகிறது. அண்மை ஆண்டுகளில் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் ஓணத்துக்கென்றே செண்டுமல்லி பயிரிடுகின்றன. நீங்களும் அத்தத்துக்கு எழுபது நாள் முன்னதாக, மழை நேரே விழாத திண்ணையோரத்தில் விதையிட்டு, நான்காம் வாரத்தில் நாற்றைப் பாத்திக்கு மாற்றுங்கள். ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளை பெருகும்.

ஓணத்தின்போது அண்டை வீட்டுப் பிள்ளைகள் கூடையுடன் வாசலில் வந்து நிற்பார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளையும் அவர்களோடு அனுப்பி, செண்டுமல்லியையும், நாம் விதைக்காமலே வேலியோரம் முளைத்த தும்பையையும் தாராளமாகப் பறிக்கவிடுங்கள். அந்தப் பத்து நாளில், இரண்டு வருஷம் பேசிப் பழகாத மதிற்சுவருக்கு அப்பாலிருந்து பேச்சு வரும். செண்டுமல்லியைப் பறிக்கப்பறிக்கப் பக்கக் கிளைகளில் மொட்டு வைக்கும். ஐப்பசியில் துலாவர்ஷம் பலக்குமுன் இன்னொரு பூப்பும் கிடைத்துவிடும்.