வாம்பயர் எழுப்பும் மூன்று கேள்விகள்

பேய்க்கதை சொல்கிறேன் என்றால் போதும், கடைசி வரிசை மாணவர்களும் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பயம் குழந்தைகளை ஈர்க்கிறது என்பது நாம் அறிந்ததே. அந்தப் பயத்தைக் கொண்டு அவர்களைச் சிந்திக்க வைப்பது எப்படி என்பதில்தான் நமக்குச் சவால் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளாக ஒருவகை விளையாட்டு இந்தச் சவாலை வெவ்வேறு விதமாகச் சந்தித்து வந்திருக்கிறது. மேசையைச் சுற்றி அமர்ந்து, பேசிப் பேசியே ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுதான் அது. அதில் திரும்பத் திரும்ப வரும் ஓர் எதிரி, இரவில் எழுந்து மனித ரத்தம் குடிக்கும் வாம்பயர்.

வாம்பயரைத் தமிழில் 'ரத்தக் காட்டேரி' என்று எழுதுவது வழக்கம். ஆனால் காட்டேரியைத் தெய்வமாக வழிபடும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கலாம். வாம்பயரோ கிழக்கு ஐரோப்பிய நாட்டார் நம்பிக்கையில் பிறந்து, ஆங்கில நாவல்கள் வழியே உலகெங்கும் பரவிய பாத்திரம். இரண்டும் வேறு வேறு என்பதால் இக்கட்டுரையில் வாம்பயர் என்றே குறிப்பிடுகிறேன்.

விளையாட்டு நடக்கும் விதம்

இவ்விளையாட்டில் நான்கைந்து பேர் இருப்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்ற ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பார்கள்: ஒருவர் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் மதகுரு. "உங்கள் முன்னால் ஒரு பழைய கோட்டை. கதவு பாதி திறந்திருக்கிறது. என்ன செய்கிறீர்கள்?" என்று நடத்துபவர் கேட்பார். ஆடுபவர்கள் தங்களுக்குள் கலந்து பேசி முடிவைச் சொல்வார்கள். அம்முயற்சி பலிக்குமா என்பது உறுதியில்லாதபோது பகடையை உருட்டுவார்கள். ஆடுபவர்களில் ஒருவர் வென்று மற்றவர் தோற்பது இதில் இல்லை. எல்லோரும் ஒரே அணி.

இவ்வகையில் முதலில் அச்சாகி வெளிவந்த விளையாட்டு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் உருவாக்கிய இது, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1974இல் மூன்று சிறு புத்தகங்களாக வெளியானது. அந்த முதல் பதிப்பிலேயே வாம்பயர் இடம்பெற்றுவிட்டது.

முதல் கேள்வி: எப்படி எதிர்கொள்வது?

1974ஆம் ஆண்டு விதிகளின்படி வாம்பயரின் ஓர் அடி, பாத்திரத்தின் இரண்டு நிலைகளைப் பறித்துவிடும். ஒரு நிலை உயர்வதற்கே பல வாரங்கள் ஆட வேண்டியிருக்கும். அத்தனை உழைப்பும் ஒரு நொடியில் போய்விடும் என்றால், ஆடுபவர் உண்மையாகவே பயப்படத்தானே செய்வார்!

பயம் மட்டும் இருந்திருந்தால் விளையாட்டு அங்கேயே நின்றிருக்கும். வாம்பயருக்குப் பலத்தோடு சில கட்டுப்பாடுகளும் உண்டு. பூண்டு வாசனையும் கண்ணாடியும் அதற்கு ஆகாது. பகலில் சவப்பெட்டிக்குத் திரும்பியாக வேண்டும். சூரிய ஒளி, ஓடும் நீர், நெஞ்சில் இறக்கும் மரமுளை ஆகியவை அதை அழிக்கும். இவற்றில் பல பழைய நம்பிக்கைகளிலிருந்தும் பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய 'டிராகுலா' நாவலிலிருந்தும் வந்தவை. சூரிய ஒளி பட்டால் வாம்பயர் அழியும் என்பது மட்டும் அந்த நாவலில் இல்லை. அதில் டிராகுலா பகலிலும் நடமாடுவான், சக்திதான் குறைந்திருக்கும். ஒளி பட்டு மறையும் காட்சியைப் பரப்பியது 1922இல் வெளிவந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மானிய மௌனப் படம். பழமையான நம்பிக்கை என்று பலர் எண்ணும் ஒன்று, திரைப்படம் தந்த கொடை!

வாம்பயர் ஒரு புதிய பாத்திரம் பிறக்கவும் காரணமாக இருந்தது. விளையாட்டு அச்சாகும் முன்பே ஆர்னெசன் தம் நண்பர்களோடு 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டில் ஆடிவந்தார். அங்கே ஒருவருடைய பாத்திரம் வாம்பயராக மாறி, யாராலும் அடக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. அதற்கு ஈடுகொடுக்க, வாம்பயர் வேட்டைக்காரர் வரும் திரைப்படங்களின் சாயலில் மதகுரு பாத்திரத்தை உருவாக்கினார்கள். இன்றும் இந்த விளையாட்டின் முக்கியப் பாத்திர வகைகளில் மதகுருவும் ஒன்று. பலம் மிகுந்தவரை வெளியேற்றாமல், அவருக்கு இணையான புதிய பொறுப்பு ஒன்றை உருவாக்கிச் சமன்செய்திருக்கிறார்கள். குழுச் செயல்பாடுகளில் ஒரே மாணவர் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கும் நமக்கு இது பயன்படும்.

2014ஆம் ஆண்டுப் பதிப்பின் விதியை எடுத்துக்கொண்டால் ஒரு கணக்குப் பாடமே கிடைக்கும். அதில் வாம்பயருக்கு 144 உயிர்ப்புள்ளிகள். தன் முறை வரும்போதெல்லாம் இழந்ததில் 20 புள்ளிகளை அது மீட்டுக்கொள்ளும். அணி ஒவ்வொரு சுற்றிலும் 30 புள்ளிகளைக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் குறைவது பத்துதான். வெல்ல 13 சுற்றுகள் ஆகும். புனித நீரைத் தெளித்தால் அடுத்த முறை மீட்சி நடக்காது. ஒவ்வொரு சுற்றிலும் அதைத் தவறாமல் செய்தால் ஐந்தே சுற்றுகள். அணி சுற்றுக்கு 20 புள்ளிகளுக்குமேல் குறைக்கவில்லை என்றால் எத்தனை நாள் அடித்தாலும் வெல்ல முடியாது. புள்ளிகள் பூஜ்யமானாலும் கதை முடிவதில்லை. வாம்பயர் மூடுபனியாக மாறித் தன் சவப்பெட்டியை நோக்கித் தப்பிச் செல்லும். இரண்டு மணி நேரத்துக்குள் அங்கே சேராவிட்டால்தான் அழியும். ஆகவே, சவப்பெட்டி எங்கே இருக்கிறது என்பதை முன்பே கண்டறிந்த அணிக்குத்தான் வெற்றி. வாள் வீச்சைவிட விசாரிப்பதும் குறிப்பெடுப்பதும் இங்கே முக்கியமாகிவிடுகின்றன.

இரண்டாவது கேள்வி: இவன் ஏன் இங்கே இருக்கிறான்?

தொடக்க கால விளையாட்டுகளில் பாதாள அறைகளைத் திறந்தால் ஒன்றில் பாம்பு இருக்கும், அடுத்ததில் பூதம் இருக்கும். அவை ஏன் அங்கே இருக்கின்றன என்று யாரும் கேட்டதில்லை. அமெரிக்காவைச் சேர்ந்த டிரேசி ஹிக்மன் ஒருமுறை ஆடியபோது, அப்படி ஓர் அறையில் வாம்பயர் ஒன்று வந்து நின்றது. இதற்கு இங்கே என்ன வேலை என்ற எண்ணம் அவரை விடவில்லை. அவரும் அவருடைய மனைவி லாரா ஹிக்மனும் சேர்ந்து அந்தக் கேள்விக்குப் பதிலாக எழுதியதே 1983இல் வெளிவந்த 'ரேவன்லாஃப்ட்'. முப்பத்திரண்டே பக்கங்கள் கொண்ட அந்தச் சிறு நூல் இந்த விளையாட்டின் போக்கை மாற்றியது.

அதில் வரும் வாம்பயரின் பெயர் ஸ்ட்ராட். பரோவியா என்ற மலைநாட்டின் பிரபு. போரிலேயே இளமையைக் கழித்தவன். தன் தம்பி மணக்கவிருந்த தத்யானா என்ற பெண்ணை விரும்பினான். பொறாமையில், திருமண நாளன்றே தம்பியைக் கொன்றான். அவளோ கோட்டைச் சுவரிலிருந்து குதித்துவிட்டாள். மரணத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தால் சாவில்லாதவனாகி, அவள் சாயலில் ஒரு பெண்ணைக் கண்டதும் மீண்டும் அதே தவறை நோக்கிச் செல்கிறான். இப்போது ஆடுபவர்கள் அவன் எங்கே இருக்கிறான் என்பதோடு நிற்பதில்லை. அவனுக்கு என்ன வேண்டும், அடுத்து என்ன செய்வான் என்றும் ஊகிக்கிறார்கள். அவன் மேல் இரக்கம் வரலாம். அதற்காக அவன் செய்தது நியாயமாகிவிடாது. ஒருவரைப் புரிந்துகொள்வது வேறு, அவர் செயலை ஏற்றுக்கொள்வது வேறு என்ற பாகுபாட்டை வளரிளம் பருவத்தினர் இங்கே தாமாகவே பேசத் தொடங்குகிறார்கள்.

இன்னொரு புதுமையும் இதில் உண்டு. கதையின் தொடக்கத்தில் குறி சொல்லும் பெண் ஒருவர் சீட்டுகளை எடுத்து வைப்பார். முக்கியமான பொருள்கள் எங்கே இருக்கின்றன, ஸ்ட்ராடின் திட்டம் என்ன என்பதை அந்தச் சீட்டுகளே தீர்மானிக்கும். எனவே ஒருமுறை ஆடியவர் மறுமுறை ஆடும்போது மனப்பாடம் கைகொடுக்காது.

மூன்றாவது கேள்வி: நான் எதுவரை போவேன்?

1991இல் மார்க் ரெய்ன் ஹேகன் உருவாக்கிய 'வாம்பயர்: தி மாஸ்கரேட்' எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. இதில் ஆடுபவர்களே வாம்பயர்கள். ஒவ்வோர் இரவும் விழித்தெழுவதற்கே உடலில் சேர்ந்துள்ள ரத்தம் குறையும். குறைந்தால் பசி, பசி முற்றினால் வெறி. இதற்கு எதிராக 'மனிதத்தன்மை' என்றோர் அளவுகோல் உண்டு. அதன் உச்சம் 10. கொடுமை செய்து மனம் கல்லாகும்போது அது இறங்கும். பூஜ்யத்தைத் தொட்டால் அந்தப் பாத்திரம் ஆடுபவரின் கையை விட்டுப் போய்விடும். வெளியிலிருந்த பூதம் இங்கே மனத்துக்குள் வந்துவிட்டது. இந்த விளையாட்டு முதிர்ந்த வாசகர்களுக்கானது, பள்ளிக்கு ஏற்றதன்று. ஆனால், 'வாழ்வதற்காக எதையெல்லாம் விட்டுக்கொடுப்பாய்?' என்ற அதன் கேள்வி எந்த இலக்கிய வகுப்புக்கும் உரியது.

கதையும் காயப்படுத்தும்

ரேவன்லாஃப்டில் குறி சொல்லும் நாடோடிக் கூட்டம், ஐரோப்பாவின் ரோமா மக்களை நினைவூட்டும்படி எழுதப்பட்டிருந்தது. பல நூற்றாண்டுகளாக ஒதுக்கப்பட்டுவந்த ரோமா மக்களின் முன்னோர் வட இந்தியாவிலிருந்து சென்றவர்கள். இக்கதையின் மறு ஆக்கமான 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' 2016இல் வெளிவந்தபோதும், அந்தக் கூட்டத்தைப் பற்றிய இழிவான சித்திரிப்புகள் தொடர்ந்தன. எதிர்ப்புக்குப் பின் 2020இல் பதிப்பாளர்கள் அப்பகுதிகளைத் திருத்தினார்கள். கற்பனைதானே என்று நாம் கடந்துபோகும் கதையில், வகுப்பில் இருக்கும் ஒரு குழந்தையின் ஊரோ சமூகமோ கேலிக்குள்ளாகிறதா என்று பார்ப்பது நம் கடமை.

பயத்துக்கும் இது பொருந்தும். வன்முறையை வீட்டிலேயே பார்த்த குழந்தைக்கு ரத்தம் சிந்தும் காட்சி வேடிக்கையாக இருக்காது. போதும் என்று சொல்லவும் அதற்கு வாய் வராது. இவ்விளையாட்டை ஆடுபவர்கள் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். பெருக்கல் குறியிட்ட அட்டை ஒன்று மேசையின் நடுவில் இருக்கும். யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சி உடனே மாற்றப்படும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. கதை சொல்லும் வகுப்பிலும் நாடக வகுப்பிலும் செலவில்லாமல் செய்யக்கூடியது இது.

வகுப்பறையில் செய்து பார்க்க

ஆறாம் வகுப்பு முதல் ஒரே பாடவேளையில் இதைச் செய்யலாம். ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவும் ஓர் எதிரியைக் கற்பனை செய்யட்டும். அதற்கு மூன்று பலங்கள், மூன்று கட்டுப்பாடுகள், 'ஏன் இங்கே இருக்கிறது?' என்பதற்கு ஒரு காரணம். வாம்பயராக இருக்க வேண்டியதில்லை. கிணற்றைக் காவல் காக்கும் பூதமாகவோ தூங்காத அரசனாகவோ இருக்கலாம். தாள்களைக் குழுக்கள் மாற்றிக்கொண்டு, அடுத்த குழு உருவாக்கிய எதிரியை எப்படி எதிர்கொள்வது என்று திட்டமிடட்டும். கணக்கு ஆசிரியர் புள்ளிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். மொழி ஆசிரியர் எதிரியின் தரப்பிலிருந்து ஒரு கடிதம் எழுதச் சொல்லலாம். தொடக்க வகுப்புகளுக்குப் பாடநூல் கதையில் வரும் சிங்கமோ முதலையோ போதும். கட்டுப்பாடு ஒன்று, காரணம் ஒன்று.

செயல்பாடு முடிந்ததும் கரும்பலகையில் எழுதவேண்டியது இதுதான்: எந்தக் குழு சண்டையிடாமலே தீர்வு கண்டது? அதற்கு உதவியது பலங்களின் பட்டியலா, காரணம் எழுதிய வரியா? விடையை மாணவர்களே சொல்லட்டும்.