மஞ்சள் இலையும் மதியத் தண்ணீரும்

நடவு முடிந்து மூன்று வாரத்தில் சம்பாப் பயிர் வெளுத்தால், தஞ்சைப் பக்கம் முதலில் எழும் பேச்சு யூரியாவைப் பற்றியதுதான். சில வயலில் அது சரியான வைத்தியம். பல வயலில் குறை வேறெங்கோ இருக்கும்.

எந்த இலை வெளுத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். யூரியா தரும் தழைச்சத்து செடிக்குள் இடம் மாறும். தட்டுப்பாடு வந்தால் கிழட்டு இலையிலிருந்து அதை உருவிக் குருத்துக்கு அனுப்பிவிடும் பயிர். அதனால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்து அப்படி நகராது. தண்ணீர் நில்லாத மணற்பாங்கான நாற்றங்காலில் குருத்தே வெளுத்து வருவது அதனால்தான். துத்தநாகம் குறைந்தால் இளம் இலையின் நடுநரம்பு அடிப்பக்கம் வெளிறும், இலையில் துருநிறப் புள்ளிகள் விழும், பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாக நிற்கும். வட இந்தியாவின் ‘கெய்ரா நோய்’ இந்தக் குறைதான் என்று 1966இல் பந்த்நகரில் ஒய். எல். நேனே காட்டினார். கண்ணாடித் தொட்டியில் நீர்ச்செடி வளர்ப்பவர்களும் இலையை இப்படித்தான் படிக்கிறார்கள்.

இத்தனைக்கும் துத்தநாகம் மண்ணிலேயே இருக்கக்கூடும். நீர் கட்டிய சேற்றில் நுண்ணுயிர்கள் மட்கைத் தின்று கரியமில வாயுவை விடுகின்றன. சட்டென வெளியேற வழியில்லாத அந்த வாயு பைகார்பனேட்டாகத் தேங்குகிறது. அது மிகுந்த சேற்றில் வேர் துத்தநாகத்தை எடுக்கத் திணறுகிறது.

சேற்றுக்கு மேலே, இரண்டு அங்குலத் தண்ணீரில் நடப்பதுதான் என்னை அதிகம் வியக்க வைக்கிறது. உச்சிவெயிலில் வரப்பில் குனிந்து பாருங்கள்: பாசித் திட்டுகளில் பொடிப்பொடியாகக் குமிழ்கள் ஒட்டியிருக்கும். அது ஆக்சிஜன். பாசி தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை வேகமாகத் தின்கிறது என்பதற்கு அடையாளம். காற்றில் பரவுவதைவிட நீரில் அந்த வாயு ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். தின்ற வேகத்துக்கு ஈடாக மேலிருந்து வந்து சேராது. தொட்டி வைத்திருப்பவர்கள் சிலிண்டரிலிருந்து வாயுவைச் செலுத்துவது இந்தத் தட்டுப்பாட்டுக்காகத்தான்.

நெல்லுக்கு இதனால் பசியில்லை, அதன் இலை காற்றில் இருக்கிறது. நட்டம் உரத்தில். கரியமில வாயு குறையக் குறைய நீரின் பிஎச் (கார அமில நிலை) ஏறும். காலையில் 7ஐ ஒட்டியிருந்தது மதியம் 9ஐத் தாண்டக்கூடும். நின்ற நீரில் வீசிய யூரியா அம்மோனியமாக மாறும். பிஎச் 9.25ஐ எட்டும்போது அதில் ஏறத்தாழப் பாதி அம்மோனியா வாயுவாகிவிடுகிறது. வெயிலும் காற்றும் சேர்ந்து அதைக் கிளப்பிக்கொண்டு போய்விடும். இரவில் எல்லா உயிர்களும் மூச்சு விட, கரியமில வாயு திரும்பிச் சேர்ந்து பிஎச் இறங்குகிறது. காலையில் பார்ப்பவருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது.

நீரில் மிதக்கும் பெரணியான அசோலா போர்த்திய வயலில் வெயில் பாசியை எட்டுவதில்லை, பிஎச் அவ்வளவு ஏறாது. அதன் இலைக் குழியில் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசி காற்றின் நைட்ரஜனையும் உரமாக்கித் தருகிறது. மணிச்சத்து குறைந்தால் அசோலா சிவந்து சிறுத்துவிடும். கடும் வெயிலிலும் சிவக்கும் என்பதால், அதை மட்டும் நம்பி முடிவு கட்ட வேண்டாம்.

ஆகவே மூட்டையைப் பிரிக்குமுன் இலை வண்ண அட்டையை எடுங்கள். காலை 8 முதல் 10 மணிக்குள், உங்கள் உடல் நிழலில் வைத்து, நன்கு விரிந்த மேல் இலைகள் பத்தை ஒப்பிடுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அளவுப்படி, அட்டையில் வரம்பு எண் வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. பத்தில் ஆறு இலையாவது அதற்குக் கீழே இருந்தால் மட்டும் மேலுரம் போடுங்கள். அதையும் தண்ணீரை வடித்துவிட்டுப் போட்டு, மறுநாள் மடையைத் திறந்துவிடுங்கள்.