உங்களுக்குத் தெரியுமா? ஜீப்பைத் தின்னும் துரு!

புது ஸ்பிரிங் வந்தாச்சு. புது ஷாக் அப்சார்பரும் வந்தாச்சு. ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, பழைய போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி ஒரு அழுத்து அழுத்துகிறீர்கள். போல்ட் அசையவில்லை. அது மாட்டியிருந்த சேசிஸ் தகடு பொலபொலவென்று கொட்டுகிறது! பனி கொட்டும் அமெரிக்க மாநிலங்களில் பழைய ஜீப் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்!

அமெரிக்கக் கார் தொழிலின் தலைநகரம் டெட்ராய்ட். அந்த நகரத்துக்கு நேர் கீழே ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. ஆழம் சுமார் 1,200 அடி! அங்கே வெட்டும் உப்பைத்தான் பனி உருகுவதற்காகச் சாலைகளில் தூவுகிறார்கள். ஜீப் ரேங்லர் தயாராகும் டொலிடோ எங்கே இருக்கிறது தெரியுமா? டெட்ராய்ட்டிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்! வண்டியும், அதை அரிக்கும் உப்பும் பக்கத்து ஊர்க்காரர்கள்!

துருவுக்கு இடம் போதவே போதாது. இரும்பாக இருந்தபோது அடைத்த இடத்தைப் போல 2 மடங்கு, சில சமயம் 6 மடங்குகூடக் கேட்கும்! ஒட்டியிருக்கும் இரண்டு தகடுகளுக்கு நடுவே துரு புகுந்தால் போச்சு. கனமான பிராக்கெட்கூட உப்பிப் பிளக்கும்!

நான்கு சக்கரத்துக்கும் சுருள் ஸ்பிரிங் வைத்து வந்த முதல் ரேங்லர் டிஜே மாடல். 1997 முதல் 2006 வரை விற்பனை. ஓட்டுவதற்கு அருமையான வண்டி. ஆனால் அதன் சேசிஸ் நீளமான இரும்புப் பெட்டி. ஆற்றிலும் சேற்றிலும் இறங்கினால் மண் உள்ளே புகுந்து தங்கிவிடும். அதனால் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது! வெளிப் பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். முதலில் பலியாவது பெரும்பாலும், அச்சைச் சேசிஸோடு இணைக்கும் பின்பக்கக் கீழ் கண்ட்ரோல் ஆர்ம் மாட்டும் இடம்தான். வண்டி எகிறிக் குதிக்கும் ஒவ்வொரு முறையும் இழுபடுவதும் அதே இடம்தான்!

பழைய ஜீப் வாங்கப் போகிறீர்களா? அடிப்பகுதியில் கறுப்பு கோட்டிங் புத்தம் புதிதாக மின்னினால் மகிழாதீர்கள். சுத்தியலால் தட்டுங்கள்! நல்ல இரும்பு ‘டங்’ என்று கணீரென ஒலிக்கும். செத்த இரும்பு ‘சொத்’ என்று மட்டும் சொல்லும்!

10.9 என்று தலையில் பொறித்த 12 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று, அறுவதற்கு முன் எவ்வளவு இழுவையைத் தாங்கும்? 8 டன்னுக்கு மேல்! டிஜே ரேங்லரின் எடை சுமார் 1.5 டன். அதாவது, ஒரே போல்ட்டில் ஐந்து ரேங்லரைத் தொங்கவிடலாம்! அந்த போல்ட்டைப் பிடித்திருக்கும் சேசிஸ் தகட்டின் தடிமன் சில மில்லிமீட்டர்தான்!

நான்கே நான்கு போல்ட், ஒரு தலைமுறை மெக்கானிக்குகளையே அழ வைத்திருக்கின்றன! 1984 முதல் 2001 வரை வந்த எக்ஸ்ஜே செரோக்கி ஜீப்பில் பின்பக்க ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பிடிப்பவை அவை. அவற்றின் நட்டுகள் கை நுழையாத மூடிய பெட்டிக்குள் வெல்டிங் செய்யப்பட்டவை. ஸ்பேனரைத் திருப்பினால் போல்ட்டின் தலை படக்கென்று கையோடு வந்துவிடும்! அப்புறம்? காற்றுச் சுத்தியலால் பழைய நட்டையே உள்ளுக்குத் தட்டி விழவைத்து, அந்த ஓட்டையில் புது நட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதுதான். அரை மணி நேர வேலை ஒரு நாளை விழுங்கிவிடும்! முதல் நாளே துருவிளக்கி எண்ணெய் அடித்து ஊறவிடுபவரே கெட்டிக்காரர்.

எண்ணெய் என்றதும் நினைவுக்கு வருகிறது. உலகமெங்கும் மெக்கானிக் கையில் இருக்கும் டபிள்யூடி-40 ஜீப்புக்காகப் பிறந்ததல்ல. அட்லஸ் ஏவுகணை துருப்பிடிக்காமல் இருக்கப் பிறந்தது! ஆண்டு 1953. கைகூடியது 40வது முயற்சியில்!

இறுகிய நட்டைத் தீயில் சிவக்கச் சூடாக்கினால் கழன்றுவிடும். 12 மில்லிமீட்டர் துளை அப்போது எவ்வளவு விரிகிறது? சுமார் 0.1 மில்லிமீட்டர்! அவ்வளவே போதும்!

துரு ஜீப்பை மட்டுமா தின்னும்? டொயோட்டாவின் டகோமா பிக்கப் வண்டியின் கதையைக் கேட்டால் வாய் பிளப்பீர்கள். 1995 முதல் 2000 வரையிலான வண்டிகளில் சேசிஸ் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. 2008இல் நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? படுமோசமான வண்டிகளைச் சந்தை மதிப்பைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது! துருப்பிடித்த வண்டிக்கு லாபம்!

அதோடு முடியவில்லை. பிந்தைய மாடல்களிலும் இதே புகார். டகோமா, டுன்ட்ரா, செக்கோயா என சுமார் 15 லட்சம் வண்டிகளுக்காக உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில் 2016இல் சமரசம் ஏற்பட்டது. மதிப்பு 340 கோடி டாலர் வரை! ஒரு சேசிஸ் மாற்ற மட்டுமே சுமார் 15,000 டாலர் ஆகும் என்று கணக்கிட்டார்கள்!

பிரிட்டனில் வாகனத் தகுதிச் சோதனை படு கறார். சஸ்பென்ஷன் மாட்டும் இடத்தைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் சேசிஸ் பலவீனப்படும்படி துரு அரித்திருந்தால் வண்டி ஃபெயில்! அங்கே ஒட்டுப் போட்டால் இடைவெளி விடாமல் சுற்றிலும் வெல்டிங் செய்திருக்க வேண்டும். இந்தக் கறாருக்கு என் முழு ஓட்டு!

ஒட்டுத் தகட்டைச் சதுரமாகவா வெட்டுவீர்கள்? கூடாது! சேசிஸுக்குக் குறுக்கே நேர்க்கோட்டில் வெல்டிங் விழுந்தால் சூடுபட்ட அந்தக் கோட்டிலேயே விரிசல் விடலாம். அதனால் கைதேர்ந்தவர்கள் தகட்டின் முனைகளைச் சரிவாக, வைர வடிவில் வெட்டுகிறார்கள். சாய்ந்த கோட்டில் பாரம் பரவிவிடும்!

துத்தநாகம் பூசிய இரும்பை அப்படியே வெல்டிங் செய்பவருக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரலாம்! துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துப் புகையாகிவிடும். இரும்பு உருகவோ 1,538 டிகிரி வேண்டும்!

லேண்ட் ரோவர் பிறந்தது 1948இல். போருக்குப் பின் பிரிட்டனில் இரும்புக்குப் பஞ்சம். அதனால் உடம்பு அலுமினியம், சேசிஸ் இரும்பு! உடம்பு பல்லாண்டு வாழும், கால்கள் உதிரும்! வேடிக்கை என்னவென்றால், விற்பனைக்கு முந்தைய சோதனை வண்டிகளின் சேசிஸுக்குத் துத்தநாகம் பூசியிருந்தார்கள். விற்பனைக்கு வந்தபோது வெறும் பெயின்ட்! இன்று அதன் ரசிகர்கள் சுமார் 450 டிகிரி துத்தநாகக் குழம்பில் முக்கியெடுத்த புது சேசிஸை விலை கொடுத்து வாங்கி மாட்டுகிறார்கள்!

அதே லேண்ட் ரோவர் பட்டறையில் ஓர் ஆபத்து. அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் கலந்த குவியலில் தீப்பொறி விழுந்தால் வெப்பம் 2,000 டிகிரியைத் தாண்டலாம்! தண்டவாளத் துண்டுகளை ஒட்டவைக்கும் தெர்மிட் கலவை இதேதான். இரண்டையும் ஒரே கிரைண்டரில் ராவவே ராவாதீர்கள்!

கடுக்காயில் இருக்கும் டானினுக்குத் துருவை அடக்கும் சக்தி உண்டு! துருமாற்றி திரவங்கள் பலவற்றில் இருப்பது டானிக் அமிலம். பழுப்புத் துருவில் தடவினால் அது கறுத்து உறுதியான படலமாகிவிடும்!

சேசிஸ் பெட்டிக்குள் பெயின்ட் பிரஷ் நுழையாது. அங்கே பீய்ச்சும் பூச்சுகளில் ஒன்று எதிலிருந்து வருகிறது? செம்மறியாட்டு ரோமத்திலிருந்து! ரோமத்தைக் கழுவும்போது கிடைக்கும் லேனோலின் என்ற கொழுப்பு அது. ஈரம் நெருங்காது!

ஒட்டுப் போட்டாச்சு, பூச்சு காய்ந்தாச்சு, கண்ட்ரோல் ஆர்மும் மாட்டியாச்சு. வண்டி ஜாக்கியில் நிற்கும்போதே போல்ட்டை முழுக்க முறுக்கிவிடாதீர்கள்! ஆர்மின் முனையிலுள்ள ரப்பர் புஷ் அந்தத் தொங்கு நிலையிலேயே இறுகிவிடும். கீழே இறக்கியதும் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். 4 சக்கரமும் தரையில் நின்று, வண்டியின் முழு எடையும் ஸ்பிரிங்கில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு!