பெரட்டில் பெயர் கொடுக்கும் பென்டிரைவ்

விடியுமுன் பெரட்டுக்கு ஓடிய நாள்களை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிராணி செக்ரோலைப் பார்த்துப் பெயரைக் கூப்பிடுவார். குரல் கொடுத்தவருக்குத்தான் அன்று வேலை, அன்று சம்பளம். பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆனால் ஈப்போவில் இருக்கும் உங்கள் பிள்ளையின் கணினியில் இன்றும் தினமும் பெரட்டு நடக்கிறது, தெரியுமா?

பென்டிரைவைச் செருகியதும் கணினி ஓர் ஒலி எழுப்புகிறதல்லவா? அந்த ஓரிரு நொடிக்குள்தான் இந்தப் பெரட்டு.

முன்பெல்லாம் கீபோர்டுக்கு ஒரு துவாரம், பிரிண்டருக்கு வேறொரு துவாரம் என்று இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே துவாரமாக வந்ததே யூஎஸ்பி. இன்டெல், மைக்ரோசாப்ட், ஐபிஎம் உள்ளிட்ட 7 நிறுவனங்கள் கூடி இதற்கு விதி வகுத்தன. முதல் விதிநூல் 1996 ஜனவரியில் வெளிவந்தது. அந்த முயற்சியில் முன்னின்றவர் குஜராத்தின் பரோடாவில் படித்த அஜய் பட். இவர் அப்போது இன்டெல் பொறியியலாளர். நமக்கு அடுத்த மாநிலமான பினாங்கில் 1972 முதல் தொழிற்சாலை நடத்தும் அதே இன்டெல்தான்!

சரி, ஒரே துவாரத்தில் எதைச் செருகினாலும் அது இன்னதென்று கணினிக்கு எப்படித் தெரிகிறது? கணினிதான் கேட்கிறது, செருகிய பொருள் பதில் சொல்கிறது. புதிதாக வந்த பொருளுக்கு எண் கிடையாது. 0 என்றே நிற்கும். கணினி அதற்கு 1 முதல் 127 வரை உள்ள எண்களில் ஒன்றைக் கொடுக்கும். பிறகு, ‘நீ யார்?’ என்று கேட்கும். பொருள் தன்னுள்ளே எழுதி வைத்திருக்கும் விவரச் சீட்டை நீட்டும். இதற்கு டிஸ்கிரிப்டர் என்று பெயர். முதல் சீட்டு 18 பைட் மட்டுமே. செய்த நிறுவனத்தின் எண்ணும் பொருளின் எண்ணும் அதில் இருக்கும். எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதை அடுத்த சீட்டு சொல்லும்.

அதன்பின் வருவதே முக்கியமானது: ‘எனக்கு என்னென்ன வேலை தெரியும்?’ என்ற சீட்டு. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இன்டர்பேஸ் உண்டு. வேலையின் வகைக்கும் ஓர் எண் உண்டு. ஒலிக்கு 1, கீபோர்டு மௌசுக்கு 3, பிரிண்டருக்கு 7, பென்டிரைவுக்கு 8. ஒரே ஆள் பால் வெட்டியும், களை எடுத்தும் பிழைத்ததில்லையா? அதுபோல ஒரே ஹெட்செட், ஒலிக்கு ஓர் இன்டர்பேஸ், அதிலுள்ள பொத்தான்களுக்கு இன்னொன்று என்று இரண்டு வேலைக்குப் பெயர் கொடுக்கும். எண்ணைப் பார்த்துக் கணினி அதற்கேற்ற டிரைவரை அமர்த்தும்.

கவனியுங்கள்! இத்தனையும் அந்தப் பொருள் தன்னைப் பற்றித் தானே சொன்னது. சாட்சி யாருமில்லை. பென்டிரைவ் போலத் தோன்றும் ஒன்று, ‘நான் கீபோர்டு’ என்று சொன்னால்? கணினி நம்பிவிடும். அது தானாகவே எழுத்துகளைத் தட்டி, கேடான கட்டளைகளை இடும். 2014-இல் கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் என்ற இரு ஜெர்மன் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் நடந்த மாநாட்டில் இதைச் செய்தே காட்டினார்கள். கோப்புகளைச் சோதிக்கும் வைரஸ் தடுப்பு நிரலின் கண்ணில் இந்தப் பொய் எளிதில் படாது.

ஆகவே பெற்றோர்களே, பேருந்து நிலையத்தில் கிடந்த பென்டிரைவைப் பிள்ளைகள் எடுத்து வந்தால் செருக விடாதீர்கள். அந்நியர் கணினியில் கைப்பேசியைச் செருக நேர்ந்து, ‘சார்ஜ் மட்டுமா, கோப்பு மாற்றமா?’ என்று அது கேட்டால், சார்ஜ் மட்டும் என்பதையே தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று. கைப்பேசி சார்ஜ் ஆகிறது, ஆனால் கணினிக்குத் தெரியவில்லையா? உடனே கடைக்கு ஓடிப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். சில மலிவுக் கேபிள்களில் மின்சாரக் கம்பிகள் மட்டுமே இருக்கும்; செய்தி செல்லும் கம்பிகள் இரா. குரல் கொடுக்க வழியில்லாதவன் பெரட்டில் என்ன செய்வான்? முதலில் வேறு கேபிளை மாற்றிப் பாருங்கள்.

தோட்டத்தில் ஒருவர் பெயருக்கு இன்னொருவர் குரல் கொடுத்தால் கிராணி தலைநிமிர்ந்து முகத்தைப் பார்ப்பார். கணினிக்கு முகம் பார்க்கத் தெரியாது. அந்த வேலை நம்முடையது.